உறைபனியும் ஒரு மாணவனும்



"நம்ம பக்கம் உறைபனியே கிடையாது" என்று ஒருமுறை வகுப்பில் சொன்னேன். ஊட்டியிலிருந்து வந்து சேர்ந்த பையன் எழுந்து, "எங்கூர்ல தேயிலையே கருகிடுமுங்க சார்" என்றான். "உட்காருடா" என்று அதட்டிவிட்டேன்.

1868இல்தான் நீலகிரி நம் கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்தது. 1819இல் மலையேறிய கலெக்டர் ஜான் சல்லிவன், பிறகு ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டார். 1848இல் தாவரவியல் பூங்கா வேலை தொடங்கியது. வெளியிலிருந்து வந்த இளஞ்செடிகள் பலவற்றுக்கு உறைபனிதான் எமன்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண்ணின் சூடு வானத்துக்குப் போய்விடும். இலைக்குள் நீர் உறையும். வெயில் பட்டதும் இலை கருகும். அதனால் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலாரால் மூடுகிறார்கள். தேயிலை விவசாயிகள் தாகைச் செடியைப் பரப்புகிறார்கள்; வெயில் ஏறுமுன் தண்ணீரும் தெளிக்கிறார்கள். மூடாக்கு புதிதாகச் சூடு தராது. இருக்கிற சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று அவனைப் பேசவிட்டிருந்தால் வகுப்பு முழுவதும் அன்றைக்கே கற்றிருக்கும்.

கண்ணு, நீ இதைப் படித்தால், அன்று நீ சொன்னதுதான் சரி.