பாய்ச்சலை விட்ட பேரன்

1956-இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தாய் சியை 24 அடவுகளாகச் சுருக்கிய கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். யாங் செங்ஃபூ வழிமறித்துவிட்டார். அவரைச் சொல்லாமல் அந்தச் சுருக்கம் புரியாது.

வீட்டில் மூன்றாம் தலைமுறை ஆசான் அவர். தாத்தா யாங் லூசான் ஹெனானின் சென் கிராமத்தில் சென் சாங்சிங்கிடம் பயின்றதும், பெய்ஜிங்கில் மஞ்சுப் படைவீரர்களுக்குப் பாடம் சொன்னதும், ‘வெல்ல முடியாத யாங்’ என்று பெயர் எடுத்ததும் நீங்கள் அறிந்தவை. சென் கிராமத்து வரிசையில் தரை அதிர மிதிக்கும் அடவு உண்டு. ‘வஜ்ர வீரன் உரலில் குத்துவது’ என்று அதற்குப் பெயர். எம்பிக் குதித்து உதைப்பதும், திடீரென்று வெடிக்கும் குத்தும் உண்டு. பேரன் வகுத்த வரிசையில் மிதி இல்லை. குதித்து உதைக்கும் இடத்தில் நிதானமான குதிகால் உதை வந்தது. முதல் அடவிலிருந்து கடைசி அடவுவரை ஒரே சீரான வேகம்.

இதற்காகவே செங்ஃபூவைக் கலையை நீர்த்துப்போக வைத்தவர் என்று ஏசுகிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அவருடைய அண்ணன் ஷாவ்ஹோ வேகத்தையும் முரட்டுத்தனத்தையும் விடாமல் வைத்திருந்தார். அவருடைய அடியைத் தாங்கி நின்ற மாணவர்கள் சொற்பம் என்பார்கள். தம்பியோ 1928 வாக்கில் தெற்கே கிளம்பி நான்ஜிங், ஷாங்காய், ஹாங்சௌ, குவாங்சௌ என்று கற்றுக்கொடுத்தார். வந்தவர்களில் வணிகர்கள், அதிகாரிகள், படித்தவர்கள் ஏராளம். உடம்பு தேற வேண்டும் என்று வந்தவர்களும் உண்டு. துப்பாக்கிக் காலத்தில் அவர்களுக்கு எதற்கு வானில் எம்பும் உதை?

அவரே ஒரு நிலையில் நின்றவர் அல்லர். மாணவர் சென் வெய்மிங் 1925-இல் வெளியிட்ட நூலின் படங்களையும், 1934-இல் செங்ஃபூ பெயரில் வந்த நூலின் படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பின்னதில் உடம்பு பருத்திருக்கிறது. கைகால்கள் அகல விரிந்திருக்கின்றன. பத்தாண்டுக்குள், ஒரே மனிதரிடம், இவ்வளவு மாற்றம்.

மூலம் மாறவில்லை என்கிறவர்கள் சென் ஃபாக்கேயைக் காட்டுவார்கள். 1928-இல் சென் கிராமத்திலிருந்து பெய்ஜிங் வந்தவர். மிதியும் வெடிப்புமாக அவர் ஆடியதைக் கண்டு, இதுவும் தாய் சிதானா என்று தலைநகரத்தார் திகைத்தார்கள். ஆனால், அவர் பெய்ஜிங்கில் செதுக்கிய வரிசையை மகன் சாவ்குய் 1970-களில் கிராமத்துக்குக் கொண்டுபோனபோது, சொந்த ஊர்க்காரர்களுக்கே அது புதிதாக இருந்தது. இன்றும் அங்கே அதைப் ‘புதிய சட்டகம்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

பழசை அப்படியே காத்தவர் என்று எனக்கு எவரும் அகப்படவில்லை. மாற்றியவர்களில் பெரியவர் செங்ஃபூ. 1936-இல் அவர் மறைந்தபோது வயது 53. இருபது ஆண்டு கழித்து 24 அடவுகளைத் தொகுத்தவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்டது அவர் வகுத்த வரிசையைத்தான். அந்தக் கதை அடுத்த வாரம்.