முகாம்தளத் தொண்டர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பூங்காக்களிலும் காடுகளிலும் உள்ள முகாம்தளம் ஒன்றுக்குச் சொந்த வீட்டுவண்டியுடன் வந்து, ஒரு பருவம் முழுவதும் வாடகையின்றித் தங்கி, அதற்கு ஈடாக அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்பவர் முகாம்தளத் தொண்டர். அங்கே அவரைக் ‘கேம்ப் ஹோஸ்ட்’ என்று அழைக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய வீட்டுவண்டிக்கு ஆர்.வி. என்று பெயர். பேருந்துபோலத் தானே ஓடுவதும் உண்டு, பிக்கப் லாரியின் பின்னால் இழுபட்டு வருவதும் உண்டு. தொண்டர்களில் பலர் ஓய்வுபெற்ற தம்பதியர். வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் வண்டியிலேயே குடியிருப்பவர்களும் இவர்களில் உண்டு.

இப்படி ஒருவர் ஏன் தேவைப்படுகிறார் என்பது தளத்தின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். கார்கள் பெருகிய 1920களில் மக்கள் மரங்களுக்கிடையே நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திக் கூடாரம் அடித்தார்கள். சக்கரங்கள் ஏறி ஏறி மண் இறுகியது, வேர்கள் நசுங்கின, பெரிய மரங்கள் பட்டுப்போயின. இந்தச் சேதத்தைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்த தாவரநோய் வல்லுநர் இ. பி. மைனெக்கி 1932இல் ஒரு மாற்றுத் திட்டத்தை வெளியிட்டார். ஒருவழிச் சுற்றுப்பாதை ஒன்று, அதிலிருந்து பிரியும் சிறிய நிறுத்தங்கள், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிலையான மேசையும் தீக்குழியும், வண்டி எல்லை தாண்டாதபடி பாறைகளும் கட்டைகளும் என்பது அதன் சாரம். 1933 முதல் 1942 வரை வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு இயங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசு அமைப்பு நாடெங்கும் இந்த மாதிரியில் தளங்களைக் கட்டியது. இன்றும் பெரும்பாலான தளங்களின் அமைப்பு இதுதான். சுற்றுப்பாதையின் வாயிலை ஒட்டிய இடத்தைத் தொண்டருக்கு ஒதுக்குவது வழக்கம். உள்ளே வரும் வண்டி எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

ஊதியமில்லா உழைப்பை அரசு பெற்றுக்கொள்ள வழிசெய்தவை இரண்டு சட்டங்கள். தேசியப் பூங்காத் துறைக்கு 1970இலும் வனத்துறைக்கு 1972இலும் அவை நடைமுறைக்கு வந்தன. ராணுவப் பொறியாளர் படையின் ஏரிக்கரைகள், நிலமேலாண்மைப் பணியகத்தின் பாலைநிலங்கள், வனவிலங்குப் புகலிடங்கள், மாநிலப் பூங்காக்கள் ஆகியவற்றிலும் இன்று இத்தகைய தொண்டர்கள் உள்ளனர். கூட்டரசுத் துறைகளில் சேர்பவர் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடுகிறார். அதன்படி, ஒப்புக்கொண்ட பணியைச் செய்யும்போது அவருக்குக் காயம் பட்டால் அரசு ஊழியருக்கு உரிய இழப்பீடு கிடைக்கும். அவரால் பிறருக்குச் சேதம் நேர்ந்தால் பொறுப்பை அரசு ஏற்கும். ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை ஆர்வத்தில் செய்யப்போனால் இந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தொடும் முன் அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

விளம்பரங்களில் மலையும் ஏரியும் தெரியும். வேலையோ பெரும்பாலும் கழிப்பறையும் சாம்பலும்தான். காலி செய்த ஒவ்வொரு இடத்திலும் தீக்குழியின் சாம்பலை அள்ள வேண்டும். மேலே ஆறியதுபோல் தெரியும் சாம்பலுக்கு அடியில் கங்கு கிடக்கலாம் என்பதால் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சூடு அடங்கியதை உறுதிசெய்த பிறகே அள்ளுவார்கள். மேசையைத் துடைப்பது, குப்பை பொறுக்குவது, அறிவிப்புப் பலகையைப் புதுப்பிப்பது, முன்பதிவுச் சீட்டுகளை அந்தந்த இடத்தின் கம்பத்தில் செருகுவது ஆகியவையும் அன்றாட வேலைகள். காட்டுத் தளங்களில் தண்ணீர் இல்லாத குழிக்கழிப்பறைகளே மிகுதி. அவற்றின் தொட்டியை உறிஞ்சு லாரி வந்து காலி செய்யும். உள்ளே கழுவித் துடைத்துக் காகிதச் சுருள் வைப்பது தொண்டரின் பொறுப்பு. வனத்துறை வகுத்த ஒரு வடிவமைப்பில் கருப்புக் காற்றுக்குழாயை வெயில் படும் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். குழாய் சூடானால் உள்ளிருக்கும் காற்று மேலெழுந்து நாற்றத்தையும் இழுத்துச் செல்லும். மரநிழல் விழும் இடத்தில் அந்தக் கழிப்பறையைக் கட்டிவிட்டால் தொண்டர் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

வருவோருக்கு வழிகாட்டுவது வேலையின் இன்னொரு பாதி. கரடி உலவும் யோசெமிட்டி போன்ற இடங்களில் உணவையும் வாசனைப் பொருள்களையும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லியாக வேண்டும். வெளியூர் விறகைக் கொண்டுவரக் கூடாது என்பது அடிக்கடி சொல்ல நேரும் மற்றொரு விதி. 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத நிற வண்டு விறகுக்கட்டைகளில் ஒளிந்தும் ஊர் ஊராகப் பரவியது. முன்பதிவு இல்லாத சிறு தளங்களில் பயணிகள் கட்டணத்தை உறையில் இட்டு இரும்புக் குழாய் ஒன்றுக்குள் போடுகிறார்கள். ‘அயர்ன் ரேஞ்சர்’ என்பது அந்தக் குழாயின் பட்டப்பெயர். பணம் தொடும் பொறுப்பு உள்ளவருக்குக் கூடுதல் பின்னணிச் சரிபார்ப்பு இருக்கும். ஆரிகனில் சில மாநிலப் பூங்காத் தொண்டர்களுக்குத் துடைப்பத்துக்குப் பதிலாகக் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்காட்டும் வேலை வாய்க்கிறது. அதற்குப் போட்டியும் அதிகம்.

தொண்டருக்குக் காவல் அதிகாரம் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் பாட்டு அலறினால் நயமாகச் சொல்லலாம், விதியை நினைவூட்டலாம். அபராதச் சீட்டு எழுதவோ ஆளை வெளியேற்றவோ முடியாது. பேச்சுக்கு மசியாதவரைப் பற்றிப் பூங்காக் காவலரான ரேஞ்சருக்குத் தகவல் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளவே பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். கைபேசி எட்டாத பள்ளத்தாக்கில் வானொலிக் கருவி தருவார்கள். ரேஞ்சர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகக்கூடிய இடங்களும் உண்டு. அதுவரை வாய்ச்சொல் ஒன்றே துணை. இந்தப் பணியில் நிலைப்பவர்களின் முதல் தகுதி உடல்வலுவைவிட நிதானம்தான்.

ஈடாகக் கிடைப்பது முதன்மையாக ஓர் இடம். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் உள்ள இடத்தை ‘ஃபுல் ஹூக்கப்’ என்பார்கள். 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட் வரை தாங்கும். பெரிய வண்டிகள் கேட்கும் 50 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு இருப்பதால் 12,000 வாட் வரை எடுக்கலாம். குளிர்சாதனம் இரண்டு ஓடும் வண்டிக்கு முதலாவது போதாது. மாநிலப் பூங்காக்களில் மூன்று இணைப்பும் பெரும்பாலும் கிடைக்கும். தொலைவான காட்டுத் தளத்தில் சூரியத் தகடும் ஜெனரேட்டருமே கதி. வண்டியின் அடியில் நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, மலக்கழிவுக்கு ஒன்று என மூன்று தொட்டிகள் இருக்கும். கழிவுநீர் இணைப்பு இல்லாத இடத்தில் பின்னிரண்டையும் எங்கே, எத்தனை நாளுக்கொருமுறை காலி செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியின் நீளமும் முக்கியம். 1930களில் கட்டிய தளங்கள் அன்றைய கார்களுக்கும் கூடாரங்களுக்கும் போட்ட அளவு. இன்றைய 40 அடி வண்டி அந்த வளைவுகளில் திரும்பாது.

சில துறைகள் எரிவாயுவும் சிறு அன்றாடப் படியும் தருகின்றன. கூட்டரசு நிலங்களில் 250 மணி நேரம் தொண்டு செய்தவருக்கு நாடெங்கும் செல்லுபடியாகும் ஓராண்டு நுழைவுச்சீட்டு இலவசம். தேசியக் காடுகளின் தளங்களில் பொதுவாகப் பயணி ஒருவர் 14 நாள் வரையே தங்கலாம். தொண்டரை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. வண்டியில் வாழ்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை.

கணக்கையும் பார்த்தாக வேண்டும். தனியார் வண்டித்தளத்தில் மாதம் 600 டாலர் வாடகை என்று வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் தலைக்கு வாரம் 24 மணி நேரம் உழைத்தால் மாதத்துக்குச் சுமார் 208 மணி நேரம். மணிக்கு மூன்று டாலர்கூடத் தேறாது. 2009 முதல் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் 7.25 டாலர். வாடகையை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் இது நட்ட வணிகம். பணம் கொடுத்தாலும் மாதக்கணக்கில் தங்க முடியாத ஓர் ஆற்றங்கரையில் கோடை முழுவதும் இருக்கக் கிடைப்பதே இதன் உண்மையான மதிப்பு என்று கருதுபவர்கள்தான் ஆண்டுதோறும் திரும்பி வருகிறார்கள்.

சட்டம் இங்கே ஒரு கோடு போடுகிறது. 1938ஆம் ஆண்டின் நேர்மையான உழைப்புத் தரச் சட்டப்படி அரசுத் துறைக்குத் தொண்டு செய்யலாம். லாப நோக்குள்ள நிறுவனத்துக்கு ஊதியமின்றி உழைக்க முடியாது. அரசுக் காடுகளிலேயே பல தளங்களை ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. அங்கே அதே வேலையைச் செய்பவர் தொண்டர் அல்ல, கூலி பெறும் பணியாளர். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பயணிக்கு வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ நூல் காட்டுவது இந்தக் கூலி வகையை. ஓய்வூதியம் போதாமல் வண்டியில் வாழும் முதியவர்கள் கோடையில் முகாம்தளத்திலும் பண்டிகைக் காலத்தில் சரக்குக் கிடங்கிலும் உழைக்கும் கதை அது. குளோயி சாவோ இயக்கிய அதன் திரைவடிவம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. அதைப் பார்த்து எல்லா முகாம்தளத் தொண்டரையும் ஏழையாக எண்ணுவதும், தொண்டர்களைப் பார்த்து எல்லா வண்டிவாசியையும் வசதியான உல்லாசியாக எண்ணுவதும் ஒரே அளவு பிழை.

கூட்டரசுத் துறைகளின் காலியிடங்கள் வாலண்டியர்.கவ் என்ற பொதுத்தளத்தில் வெளியாகின்றன; மாநிலங்கள் தனித்தனியே விண்ணப்பம் பெறுகின்றன. கோடைப் பணிக்கு முந்தைய குளிர்காலத்திலேயே ஆள் எடுத்துவிடுவார்கள். புளோரிடாவின் குளிர்கால இடங்களுக்கு இன்னும் முன்னதாகவே கேட்க வேண்டும். ஓரிடத்தைக் கொடுத்தால் இருவர் உழைப்பு கிடைக்கும் என்பதால் தம்பதியருக்கு முன்னுரிமை. ஒப்புக்கொள்ளும் முன் வார மணிநேரம் தலைக்கா, இருவருக்கும் சேர்த்தா என்பதையும் விடுமுறை நாள்கள் தொடர்ச்சியாக வருமா என்பதையும் எழுத்தில் பெறுவது அனுபவசாலிகளின் வழக்கம். மே இறுதியில் தொடங்கும் பருவம் செப்டம்பரின் முதல் திங்களன்று தளர்கிறது. அதன்பின் வண்டிகள் தெற்கே அரிசோனா, டெக்சாஸ் பக்கம் இறங்கும். நிலையான வீடு இல்லாதவர்கள் தபால் முகவரிக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் மாநில வருமானவரி இல்லாத தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் தேசியப் பூங்காக்களிலும் இதே ஏற்பாடு உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கேப் ரேஞ்ச் பூங்காவில் கடற்கரைத் தளங்களைக் காரவான்களில் வரும் தொண்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.