பழைய ஸ்போர்ட்ஸ் கார் முடிந்த இடம்: போர்ஷே 911இன் அறுபது ஆண்டுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் இன்றைய ஸ்போர்ட்ஸ் காரையும் பிரிக்க முனைபவர்கள் பெரும்பாலும் வயது, வேகம், எஞ்சின் வகை ஆகிய மூன்றில் ஒன்றை அளவுகோலாகக் கொள்கிறார்கள். வயது, சேகரிப்பாளர் சங்கங்களுக்கும் காப்பீட்டுக்கும் வசதியான அளவுகோல். காருக்குள் என்ன மாறியது என்பதை அது சொல்லாது. வேகம் படிப்படியாகக் கூடி வந்தது. அதில் ஓரிடத்தில் கோடு கிழிக்கக் காரணம் எதுவும் இல்லை. எஞ்சின் வகையை வைத்துப் பிரிப்பதே இன்று செல்வாக்குள்ள கருத்து. அது ஏன் போதாது என்பதையும், உண்மையான எல்லை எங்கே விழுந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வெவ்வேறு நிறுவனங்களின் கார்களை ஒப்பிட்டால் காலம் விளைத்த வேறுபாடு எது, நிறுவனத்தின் இயல்பால் வந்தது எது என்று பிரித்தறிய முடியாது. எனவே ஒரே காரை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த போர்ஷே நிறுவனம் 1963 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு ஒரு காரை வைத்தது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்கள் தனக்கே உரியவை என்று பிரான்சின் பெஜோ எதிர்ப்புத் தெரிவிக்கவே, பெயர் 911 ஆனது. 1964இல் உற்பத்தி தொடங்கிய அந்த வரிசை இன்றுவரை அறுபடவில்லை. ஆறு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது என்ற அடிப்படை அமைப்பும் பெரிதாக மாறவில்லை. அமைப்பு மாறாமல் கார் மாறியிருப்பதால், மாறியதைத் தனியே பார்க்க 911 அரிய வாய்ப்பு.

முதல் 911இன் எஞ்சின் 1991 சி.சி., 130 குதிரைத்திறன் கொண்டது. காரின் எடை சுமார் 1080 கிலோ, அகலம் 1610 மி.மீ. சக்கரங்களில் 165 மி.மீ. அகல டயர்கள். உச்ச வேகம் மணிக்கு 210 கி.மீ. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் உண்டு. ஆனால் பிரேக் அழுத்தத்தையோ ஸ்டீயரிங்கையோ கண்காணிக்கும் கருவி எதுவும் கிடையாது. ஆக்சிலரேட்டர் மிதி எஞ்சினோடு இணைப்புக் கம்பிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. ஸ்டீயரிங் தண்டும் பற்சட்டமும் எந்த உதவிச் சக்தியும் இன்றி முன்சக்கரங்களைத் திருப்பின. சாலையின் சொரசொரப்பும் டயரின் பிடி தளர்வதும் அதே பாதையில் திரும்பிவந்து ஓட்டுநரின் உள்ளங்கையில் பதிந்தன.

பின்பாரமும் அதற்கான இயந்திர விடைகளும்

இந்தக் காரின் வரலாறு முழுவதும் ஒரு பௌதிகப் பிரச்சினையைச் சுற்றியே நகர்கிறது. காரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு பின்சக்கரங்கள் மீதும் நான்கு பங்கு முன்சக்கரங்கள் மீதும் விழுகின்றன. ஆக்சிலரேட்டரை அழுத்தி வளைவிலிருந்து வெளியேறும்போது இந்தப் பின்பாரம் பெரிய வரம். பின்டயர்கள் சாலையை இறுகப் பிடித்துக் காரைத் தள்ளும். வேகம் அதிகம் என்று வளைவின் நடுவில் அஞ்சி ஓட்டுநர் காலை எடுத்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். எடை முன்பக்கம் சாயும், பின்டயர்கள் பிடியிழக்கும், அச்சுக்குப் பின்னால் தொங்கும் எஞ்சின் கடிகாரப் பெண்டுலம்போல வெளிப்புறம் வீசும். சில நொடிகளில் கார் வந்த திசையையே பார்த்து நிற்கும். பயந்தவன் இயல்பாகச் செய்யும் செயலே அவனுக்கு எதிராகத் திரும்புகிறது என்பதுதான் பழைய 911இன் உண்மையான கடுமை. வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் பிரேக்கை முடித்துக்கொள், நிதானமாக உள்ளே போ, வேகமாக வெளியே வா என்ற பாடம் 911 ஓட்டுநர்களிடையே வேதம்போல நிலைத்தது இதனால்தான்.

முதல் பத்தாண்டுகளில் போர்ஷே பொறியாளர்கள் தந்த விடைகள் எல்லாம் இரும்பிலும் ரப்பரிலும் அமைந்தவை. தொடக்கத்தில் முன் பம்பரின் இரு முனைகளிலும் தலா சுமார் 11 கிலோ எடைக்கட்டிகளை மறைத்துவைத்தார்கள். நேர்த்தியான தீர்வு என்று அதைச் சொல்ல முடியாது. நோயை அவர்கள் சரியாகக் கண்டறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. 1969 மாடலில் பின்சக்கரங்களை 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 2211இலிருந்து 2268 மி.மீ. ஆக்கினார்கள். ஒரே பேட்டரிக்குப் பதில் இரண்டு பேட்டரிகளை முன்மூலைகளில் வைத்தார்கள். 1973 மாடலான காரெரா ஆர்.எஸ். 2.7இல், போர்ஷேயின் சாலைக் கார்களில் முதன்முறையாக, பின்டயர்கள் முன்டயர்களைவிட அகலமாயின. பின்மூடியில் வாத்து வால் போன்ற தகடு எழும்பி, அதிவேகத்தில் பின்பக்கம் தரையிலிருந்து எழுவதைக் குறைத்தது. 210 குதிரைத்திறனும், இலகு வடிவத்தில் 960 கிலோ எடையும் கொண்ட அந்தக் கார் 1580 மட்டுமே தயாரானது. என் கணிப்பில், ஓட்டுநரை நம்பிச் செய்யப்பட்ட 911களின் உச்சம் அதுதான். அதில் செய்த ஒவ்வொரு மாற்றமும் டயரின் பிடி எல்லையைத் தள்ளிவைத்தது. எல்லையை எட்டிய பின் என்ன செய்வது என்பதை ஓட்டுநரிடமே விட்டது.

இதே காலத்தில் 911க்கு ஒரு தானியங்கித் தன்மையும் வந்துவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1960களின் இறுதியில் விற்பனைக்கு வந்த ஸ்போர்ட்டோமாட்டிக் கியர்பெட்டியில் கிளட்ச் மிதி கிடையாது. கியர் கம்பியைத் தொட்டதும் கிளட்ச் தானே விலகும். ஆனாலும் எந்த கியர், எப்போது என்பதை ஓட்டுநரே தீர்மானித்தார். ஓட்டுநரின் உழைப்பைக் குறைக்கும் கருவியும் ஓட்டுநரின் முடிவைத் திருத்தும் கருவியும் ஒன்றல்ல. மூன்று மிதிகள் இருந்தால் பழையது, இரண்டானால் புதியது என்ற எளிய கணக்கு இங்கேயே உடைகிறது.

1974 முதல் அமெரிக்கச் சட்டம் காரின் தோற்றத்தை மாற்றியது. மணிக்கு 8 கி.மீ. வேக மோதலைத் தாங்க வேண்டும் என்ற விதிக்காக, மடிப்பு ரப்பர் பொருத்திய தடித்த பம்பர்கள் வந்தன. புகைக் கட்டுப்பாடுகள் எஞ்சினை நெருக்கின. அந்த ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான 911 டர்போ, 260 குதிரைத்திறனோடு பழைய பிரச்சினையைக் கூர்மையாக்கியது. குறைந்த சுழற்சியில் டர்போ தூங்கும். விழித்ததும் முழு விசையும் ஒரே அலையாக வரும். அந்த அலை வளைவின் நடுவில் வந்து, திடுக்கிட்ட ஓட்டுநர் காலை எடுத்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். விதவையாக்கி என்ற பட்டப்பெயர் அந்தக் காருக்கு ஒட்டிக்கொண்டது. பழைய கார்களின் தூய்மையைப் பேசும் எவரும் அந்தப் பெயரையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிறுவனமே ஒரு கட்டத்தில் 911ஐக் கைவிட எண்ணியது. முன்பக்க எஞ்சினும் நீர்க்குளிர்ச்சியும் கொண்ட 928 அதன் இடத்தைப் பிடிக்கும் என்று தலைவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன் நம்பினார். 1981இல் பொறுப்பேற்ற பீட்டர் ஷூட்ஸ் அந்த முடிவை மாற்றினார். பொறியியல் தலைவர் ஹெல்முட் போட்டின் அறைச் சுவரில் இருந்த திட்ட அட்டவணையில் 911இன் கோடு மட்டும் அந்த ஆண்டோடு நின்றிருந்ததையும், தாம் பேனாவை எடுத்து அதை அட்டவணை தாண்டிச் சுவர்வரை நீட்டியதையும் ஷூட்ஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். வரிசை பிழைத்தது. பிழைத்த கார் பழையதாகவே நீடிக்க முடியாது என்பதும் அப்போதே உறுதியானது.

1989: பிரேக் மிதி

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கை போஷ் நிறுவனம் 1978இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் அறிமுகப்படுத்தியிருந்தது. 1980களின் இறுதிவரை வழக்கமான 911இல் அது இல்லை. பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. 1989 மாடலாக வந்த 964 தலைமுறையில் இரண்டும் சேர்ந்து வந்தன. தோற்றம் பழையதை ஒத்திருந்தாலும் உதிரிபாகங்களில் 85 விழுக்காடு புதியவை என்று நிறுவனம் அறிவித்தது. முதல் 911இலிருந்து தொடர்ந்த முறுக்குத் தண்டு சஸ்பென்ஷன் போய் சுருள்வில்கள் வந்தன. மணிக்கு 80 கி.மீ. தாண்டினால் பின்தகடு தானே எழுந்தது.

முதலில் வந்த காரெரா 4, நான்கு சக்கரங்களுக்கும் விசை அனுப்பும் கார். சாதாரண நிலையில் 31 விழுக்காடு முன்னுக்கும் 69 விழுக்காடு பின்னுக்கும் போகும். சக்கரங்களில் உள்ள ஏ.பி.எஸ். உணரிகள் எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று கணினிக்குத் தெரிவிக்க, அது ஹைட்ராலிக் முறையில் விசைப் பங்கீட்டை மாற்றும். 911 வரிசையின் வழக்கமான உற்பத்திக் காரில், டயரின் பிடியை ஓட்டுநரோடு கூட இன்னொரு மூளையும் கணிக்கத் தொடங்கியது இங்கேதான். ஓட்டுநர் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தாலும், சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதில் கடைசிச் சொல் இனி அவருடையது அல்ல.

எஞ்சினைக் குளிர்வித்தது எது என்ற கேள்வி

சேகரிப்பாளர் உலகம் கோடு கிழிப்பது 1998இல். அந்த ஆண்டோடு 993 தலைமுறையும், அதனுடன் காற்றால் குளிரும் எஞ்சினும் நின்றுபோயின. 1997இல் அறிமுகமான 996இல் நீரால் குளிரும் 3.4 லிட்டர், 300 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. இம்மாற்றத்துக்கு வலுவான காரணங்கள் உண்டு. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் தலைப்பகுதி மிகச் சூடாகும். காற்று மட்டும் அதைத் தணிக்கப் போதாது. புகை, ஓசை விதிகள் இறுகிக்கொண்டே வந்தன. 1990களின் தொடக்கத்தில் போர்ஷே திவாலின் விளிம்பில் நின்றதால், வென்டலின் வீடெக்கிங் தலைமையில் 996க்கும் பாக்ஸ்டருக்கும் முன்பாகம் உட்படப் பலவற்றைப் பொதுவாக்கிச் செலவைக் குறைத்தார்கள். காற்றுவிசிறியின் உலோக இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பிரிவுதான். அந்த வருத்தத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை.

ஆனால் 1999இல் வந்த 996 ஜி.டி.3ஐப் பாருங்கள். நீர்க்குளிர்ச்சி எஞ்சின், 360 குதிரைத்திறன், கைக் கியர் மட்டும், ஹைட்ராலிக் ஸ்டீயரிங். வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு கிடையாது. அதன் எஞ்சின் உடற்கூடு, ஹான்ஸ் மெட்ஸ்கர் வளர்த்த காற்றுக்குளிர்ச்சி எஞ்சின்களின் வழிவந்தது. இதையும், காற்றால் குளிரும் 964இன் நான்கு சக்கர இயக்க வடிவத்தையும் அருகருகே வைத்தால், ஓட்டுநரின் பிழையை அப்படியே சாலைக்கு அனுப்பும் கார் பின்னதைவிட முன்னதுதான். ஆகவே குளிர்விக்கும் முறை எல்லைக்கோடாக முடியாது. மாற்றம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, காற்றுக்குளிர்ச்சி எஞ்சினின் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

ஆக்சிலரேட்டரும் ஸ்டீயரிங்கும்

1999 வாக்கில் 996 காரெரா 4இல் பி.எஸ்.எம். என்ற நிலைப்புக் கட்டுப்பாடு வந்தது. கார் திரும்பும் வேகத்தையும் ஸ்டீயரிங் கோணத்தையும் ஒப்பிட்டு, பின்பக்கம் வீசத் தொடங்கினால் தனியொரு சக்கரத்தில் பிரேக் போடும். தேவைப்பட்டால் எஞ்சின் விசையையும் குறைக்கும். விசையைக் குறைக்க, ஓட்டுநரின் கால் மிதித்திருந்தும் எஞ்சின் அதைக் கேட்காமல் இருக்க வேண்டும். எனவே ஆக்சிலரேட்டர் கம்பி போய் மின்சமிக்ஞை வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓட்டுநர்கள் அஞ்சிய பெண்டுலத்துக்கு முழு விடை இங்கே கிடைத்தது. பயந்து காலை எடுத்தவனை இனி கார் தண்டிக்காது.

1980களில் 956, 962 பந்தயக் கார்களில் சோதித்த இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி, பி.டி.கே. என்ற பெயரில் 2008இல் சாலை 911க்கு வந்தது. எந்தக் கையாலும் இயலாத விரைவில் அது கியர் மாற்றும். 2011இன் 991 தலைமுறையில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் இடத்தை மின்மோட்டார் பிடித்தது. எரிபொருள் சேமிப்பு இதற்கு முக்கியக் காரணம். அதோடு, ஓட்டுநரின் கைக்கு வந்துசேரும் செய்தியைப் பொறியாளர் வடிகட்டவும் முடிந்தது. சோதித்த எழுத்தாளர்கள் பலர் முதல் குறையாகச் சொன்னது இதைத்தான். பிரேக், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் ஆகிய மூன்று நேர்த்தொடர்புகளும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வாறு இடைத்தரகர் வழி ஆயின. 2018இல் வந்த 992இன் முன்சக்கர வளைவுகளில் ஒலி உணரிகள் உள்ளன. தெறிக்கும் நீரின் ஓசையைக் கேட்டுச் சாலை ஈரமாக இருக்கிறது என்று அவை எச்சரிக்கும். முன்பு அந்தச் செய்தி ஸ்டீயரிங் இலேசாவதிலிருந்து விரல்களுக்குத் தெரிந்தது.

இதன் பலனை மறுக்க முடியாது. 992இன் அடிப்படை காரெரா சுமார் 1500 கிலோ எடையும் 1852 மி.மீ. அகலமும் கொண்டது, அதன் காரெரா எஸ் வடிவத்துக்குத் தொடக்கத்தில் 450 குதிரைத்திறன், பின்டயர்கள் 305 மி.மீ. இத்தனை விசையை 1974இன் டர்போ ஓட்டுநரிடம் கொடுத்திருந்தால் மிகச் சிலரே பத்திரமாக வீடு திரும்பியிருப்பார்கள். இன்று அதில் அலுவலகத்துக்குப் போய்வருகிறார்கள். எடை கூடியதில் பெரும்பங்கு பயணியின் உயிரைக் காக்கும் கட்டுமானத்துக்கும் கருவிகளுக்கும் போனது. அந்தப் பரிமாற்றம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதற்காக இழந்தது ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்: தன் பிழையிலிருந்து நேரடியாகக் கற்கும் வாய்ப்பு ஓட்டுநரிடமிருந்து போய்விட்டது.

இழப்பை நிறுவனமும் உணர்ந்திருக்கிறது. 2013இன் ஜி.டி.3 பி.டி.கே.யோடு மட்டும் வந்தபோது எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2016இல் கைக் கியர் மட்டும் கொண்ட 911 ஆர் வெளியானது. 991 கார்களே செய்யப்பட்டன. மறுவிற்பனையில் விலை பட்டியல் விலையைவிடப் பல மடங்கு ஏறியது. 2023இன் 911 எஸ்/டி இன்னும் ஒரு படி பின்னோக்கிச் சென்றது. 525 குதிரைத்திறன், கைக் கியர், 1380 கிலோ. பின்சக்கரத் திருப்பியையும் நீக்கிவிட்டார்கள். கார் முதலில் காட்சிக்கு வந்த ஆண்டை நினைவுகூர்ந்து 1963 கார்கள் மட்டும்.

கிளட்ச் மிதியும் கியர் கம்பியும் திரும்ப வந்தன. ஏ.பி.எஸ்., நிலைப்புக் கட்டுப்பாடு, மின்சமிக்ஞை ஆக்சிலரேட்டர், மின் ஸ்டீயரிங் ஆகிய நான்கும் எஸ்/டியிலும் அப்படியே இருக்கின்றன. 2014 நவம்பர் முதல் ஐரோப்பாவில் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்துக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். அமெரிக்காவில் அது 2012 மாடல் ஆண்டிலேயே கட்டாயமாகிவிட்டது. இக்கட்டுரை சொல்லும் பொருளில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை இன்று போர்ஷே புதிதாகச் செய்ய விரும்பினாலும், வழக்கமான சாலைக் காராக அதை இந்த இரு சந்தைகளிலும் பதிவுசெய்ய முடியாது.