அமராவதிபுதூர் ராய.சொ.

கவிஞர் பாரதி கானாடுகாத்தானில், வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டில் தங்கியிருந்தார். அங்கிருந்து அவர் காரைக்குடிக்கு வந்தது 1919 நவம்பரில். இந்து மதாபிமான சங்கம் என்று ஒன்றை அங்கே சில இளைஞர்கள் 1917-ல் தொடங்கியிருந்தார்கள். முன்னின்றவர்களில் இருவர் சொ. முருகப்பாவும் ராய.சொ. என்ற ராய. சொக்கலிங்கமும். பாரதி வந்தபோது சொக்கலிங்கத்துக்கு 21 வயது. 1898 அக்டோபர் 30-ல் பக்கத்து அமராவதிபுதூரில் பிறந்தவர்.

அந்த வயதில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பிள்ளை இருக்கவேண்டிய இடம் வேறு. எங்கள் ஐயா பதின்மூன்று வயதில் கப்பலேறியவர். பெட்டியடிப் பையனாகப் போய், மேலாள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதப் பழகி, மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊர் முகம் பார்க்கலாம். ‘கொண்டுவிக்கப் போயிருக்காக’ என்று ஆச்சிமார் சொல்லும் ஒரு சொல்லுக்குள் அத்தனை வருடப் பிரிவும் அடங்கிவிடும். ரங்கூனிலும் மலேயாவிலும் பணம் பெருகிக்கொண்டிருந்த அந்த நாளில், ஊரில் ஒரு சங்கம் வைத்துப் புத்தகம் சேர்த்து, வறுமையில் வாடிய ஒரு கவிஞரை வண்டி வைத்து அழைத்துவர இந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியதே, அதை எண்ணினால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

பாரதி சங்கத்தைப் பாராட்டிப் பாட்டு எழுதிக் கொடுத்தார். சங்கத்தார் அவரைப் படம் எடுத்துக்கொண்டார்கள். தலைப்பாகை, கோட்டு, கையில் நெடிய கோல், பார்க்கிறவரை விடாத அந்தக் கண். பாரதியின் படங்கள் நமக்குக் கிடைத்தவையே விரல்விட்டு எண்ணக்கூடியவை. இரண்டு வருடம் முடியுமுன்னே, 1921 செப்டம்பரில், அவர் போய்விட்டார். நம் வீட்டுச் சுவரிலும் பள்ளிக்கூடத்திலும் கோலோடு பார்க்கும் பாரதி காரைக்குடியில் எடுத்த பாரதிதான்.

முருகப்பா தொடங்கிய ‘தன வைசிய ஊழியன்’ பத்திரிகை பிறகு ராய.சொ.வின் கைக்கு வந்தது. பெயரிலிருந்த சாதியை எடுத்துவிட்டு ‘ஊழியன்’ என்று ஆக்கினார். இரண்டு சொல்லை வெட்டியது சின்ன வேலையாகத் தெரியலாம். சாதிச் சங்கங்களும் சாதிப் பத்திரிகைகளும் பெருகிய காலம் அது. சந்தா கட்டியவர்களும் சொந்தச் சனம். அவர்கள் முகத்துக்கு நேரே செய்த காரியம். எழுத்தாளர் புதுமைப்பித்தன் ‘தினமணி’க்குப் போகுமுன் கொஞ்ச காலம் ‘ஊழியன்’ அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார். முருகப்பா விதவை மறுமணத்துக்காக உழைத்தவர். அமராவதிபுதூரில் மகளிர் இல்லம் ஏற்படுத்தியவரும் அவரே.

1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். வீடுகளின் வளவுகளையும் பட்டாலைகளையும் அடைத்துக்கொண்டிருந்த சீமைச் சாமான்களைப் பார்த்துவிட்டு, மனதில் பட்டதை மேடையிலேயே சொன்னார். கதர் கட்டச் சொன்னார். பர்மா தேக்குத் தூணைத் தொட்டுப் பெருமைப்பட்ட சனத்துக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும். ராய.சொ.வுக்குக் காந்தி தெய்வத்துக்கு அடுத்த நிலையில் இருந்தார். சட்டமறுப்புக் காலத்தில் ராய.சொ. சிறைக்கும் போனார்.

அவர் காந்தியைப் பாடியவற்றில் என் மனம் நிற்பது பிள்ளைத்தமிழில். சைவத்தில் ஊறியவர் அவர். பிள்ளைத்தமிழோ முருகனுக்கும் மீனாட்சிக்கும் புலவர்கள் பாடிவைத்த வடிவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பருவம் பருவமாகத் தாய் பிள்ளையைக் கொஞ்சும் பாட்டு. உயிரோடு இருக்கிற, ஐம்பதைத் தாண்டிய, ராட்டை சுற்றுகிற ஒரு மனிதரைத் தொட்டிலில் கிடத்திவிட்டார் ராய.சொ. தலைவரை வாழ்த்த நூறு வழி இருந்தது. வீட்டு வழியை எடுத்துக்கொண்டார். முகப்பில் தேசத் தலைவராக நிற்பவர் இரண்டாங்கட்டுக்குள் வந்ததும் மடியில் கிடக்கும் பிள்ளையாகிவிடுகிறார்.

இதற்கிடையே, நகரத்தார் கடன் கொடுத்து வாங்கிய பர்மாவில் 1930-க்குப் பின் அரிசி விலை சரிந்தது. கடன்பட்ட பர்மியக் குடியானவர்களால் பணம் கொடுக்க முடியவில்லை, நிலம் கைமாறியது. 1938 வாக்கில் கீழ்பர்மா நெல் வயலில் கால் பங்கு செட்டியார்கள் கையில். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அதை அப்படியே போட்டுவிட்டு உயிரோடு ஊர் சேர்ந்தவர்கள் எங்கள் பக்கத்து வீடுகளில் எத்தனையோ பேர். அவர்கள் திரும்பி வந்த காரைக்குடியில் ஒரு சங்கமும் ஒரு நூலகமும் இருந்தன. 1939 முதல் சா. கணேசன் நடத்திய கம்பன் திருநாளும் இருந்தது. ராய.சொ. நகராட்சித் தலைவராகவும் இருந்து தெருவையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டார். கம்பனிலும் தேவாரத்திலும் தோய்ந்து கட்டுரை எழுதினார். சிவத்தலம் தலமாகப் போய்வந்து ‘திருத்தலப் பயணம்’ எழுதினார். எங்கே போனாலும் திரும்பி வந்தது காரைக்குடிக்கே.

1974 செப்டம்பர் 30-ல் காலமானார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் வயது 76. காந்தி ஜயந்திக்கு இரண்டு நாள் இருந்தது.