முகாமைத்துவக் கல்வியும் நம் பெண்களும் – ஒரு வரலாற்று நோக்கு

நம் பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், எம் கல்லூரி ஈன்ற வைத்தியர்கள் எத்தனை பேர், ஆசிரியைகள் எத்தனை பேர் என்று பெருமையோடு எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் வைத்தியசாலைப் பணிப்பாளர்களாக, திணைக்களத் தலைவர்களாக, நிறுவனங்களை நடத்துபவர்களாக எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் கைவிரல்களே போதுமாகிவிடுகின்றன. திறமை இல்லாததால் அல்ல. தலைமை தாங்குவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு துறை என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இத்தனைக்கும் நம் மண்ணில் தலைமை தாங்கிய பெண்களுக்குப் பஞ்சமில்லை. 1816 இல் அமெரிக்க மிஷனரி டானியல் பூவர் தெல்லிப்பழையில் கல்விப் பணியைத் தொடங்கினார். எட்டு ஆண்டுகளின் பின், 1824 இல், ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். 1840 இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பாடசாலையை நடத்தினார். 1880 இல் வந்த மேரி, மார்கிரற் லீச் சகோதரிகள் பெண்களுக்கு ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று கண்டனர். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினர். 1898 இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. தேவையைக் கண்டறிதல், இலக்கு வகுத்தல், வளம் திரட்டல், ஆள் சேர்த்தல் என்று இன்று வகுப்பறையில் மூலோபாயத் திட்டமிடல் எனப் படிப்பிக்கப்படும் அனைத்தையும் அவர்கள் செய்தே காட்டினர்.

நம் காலத்தில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரைக் கண்டோம். ஆசிரியையாக இருந்த அவர், 1977 இல் தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 2008 இல் மறையும் வரை அதனை நடத்தினார். கோயில் என்றால் பூசையும் திருவிழாவும் மட்டுமே என்றிருந்த எண்ணத்தை மாற்றி, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்து, கோயிலைச் சமூகப்பணியின் நிலையமாக்கினார். அவரிடம் முகாமைத்துவப் பட்டம் இருக்கவில்லை.

எம் அதிபரையும் ஆசிரியைகளையும் இங்கே மறக்க முடியாது. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது நான் ஆரம்ப வகுப்பு மாணவி. இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில், அவர்களின் வகுப்புகள் முடிந்த பின் மாலை நேரத்தில், எங்களுக்குப் பாடம் நடந்தது. இடம் போதாதபோது ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. சிதறிப்போன பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, தளபாடம் இரவல் வாங்கி, நேரசூசி போட்டு, பரீட்சை தவறாமல் நடத்தினார்கள். ஆனால் எப்படி முடிவெடுத்தார்கள், எங்கே தவறினார்கள், எப்படித் திருத்திக்கொண்டார்கள் என்பதை எழுதிவைத்தவர் எவருமில்லை. அந்த அறிவு அவர்களோடு ஓய்வு பெற்றுவிட்டது.

பட்டப்பின் முகாமைத்துவக் கல்வியின் பயனை நான் இங்கேதான் காண்கிறேன். ஒருவரின் கைப்பழக்கத்தை மற்றவர் கற்கக்கூடிய அறிவாக்குவதே அதன் பணி. அமெரிக்காவில் 1900 இல் டார்ட்மவுத் கல்லூரியின் ரக் பாடசாலையும், 1908 இல் ஹாவட் வணிகப் பாடசாலையும் தோன்றின. நடந்த சம்பவம் ஒன்றை முன்வைத்து, ‘நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று மாணவரைக் கேட்கும் முறையை ஹாவட் வளர்த்தது. அந்தக் கல்வியும் பெண்களுக்கு எளிதில் கிட்டவில்லை. ஹாவட்டின் முழுமையான இரண்டாண்டு முதுமாணிக் கற்கைநெறியில் முதன்முதலாக எட்டுப் பெண்கள் சேர்ந்தது 1963 இல்தான். அதன்பின் கதவுகள் விரைந்து திறந்தன. சென்னையில் பிறந்த இந்திரா நூயி கல்கத்தா இந்திய முகாமைத்துவ நிறுவனத்திலும் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்று, 2006 இல் பெப்சிகோவின் தலைமை அதிகாரியானார்.

இலங்கையில் 1986 இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் எழுந்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே வியாபார நிர்வாக முதுமாணி கற்கலாம். வைத்தியர்களுக்கென, 1980 இல் தோன்றிய பட்டப்பின் மருத்துவ நிறுவனம் மருத்துவ நிர்வாகத்தில் முதுமாணிப் படிப்பை நடத்துகிறது. நானும் அதைப் படித்தேன்.

அதற்கு முன் ஒரு கிளினிக்கின் பொறுப்பு என்னிடம் இருந்தது. விடியவே வந்த நோயாளர்கள் மதியம் கடந்தும் காத்திருப்பார்கள். ‘வைத்தியர்கள் போதாது’ என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. படிப்பின் பின், ஒரு வாரம் ஒவ்வொரு நோயாளரின் நேரமும் எங்கே கழிகிறது என்று தாதியரோடு சேர்ந்து குறித்தோம். பெரும்பகுதி வைத்தியரின் அறை வாசலில் அல்ல, பழைய பதிவேடு தேடும் இடத்தில் கழிந்தது. முதல்நாளே பதிவேடுகளை எடுத்துவைத்து, வருவோருக்கு நேரம் பிரித்துக் கொடுத்தோம். புதிய வைத்தியர் எவரும் வராமலே காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. நான் மாற்றலாகிச் சென்ற பின்னும் அந்த ஒழுங்கு தொடர்கிறது. செய்முறையை எழுதி, மற்றவர்களைப் பழக்கிவிட்டுச் சென்றதே காரணம்.

நம் ஊருக்கே இன்னொரு சான்று உண்டு. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடைபவனி ஒன்று நடந்தது. வணிகத் துறையில் அனுபவம் பெற்றோர் முன்னின்று திட்டமிட்டு, தெற்கு மக்களையும் வடக்கு மக்களையும் சேர்த்து நடத்தி, நிதி திரட்டினர். அதன் பயனாகத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பட்டது. நோய் தீர்க்க வைத்தியர் வேண்டும். வைத்தியசாலை ஒன்று எழவும் நிலைக்கவும் வேறொரு அறிவும் வேண்டும்.

பட்டம் ஒருவருக்கு நேர்மையையோ துணிவையோ தந்துவிடாது. அவை வீட்டிலும் கல்லூரியிலும் நாம் பெற்றவை. அவற்றைப் பலருக்குப் பயன்படச் செய்யும் வழியைத்தான் இக்கல்வி தருகிறது. பொறுப்பு ஒன்று தேடி வரும்போது, ‘எனக்கு நிர்வாகம் தெரியாது’ என்று ஒதுங்கிவிடாதீர்கள், தங்கைகளே. தெரியாததைக் கற்கலாம். மூத்த சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம்: உங்கள் பொறுப்புக் காலத்தில் கண்டவற்றை, தவறியவற்றையும் சேர்த்து, எழுதிவையுங்கள். நம் சங்கத்தின் அடுத்த நூற்றாண்டுக்கு நாம் விட்டுச் செல்லும் சொத்து அதுவாகட்டும்.