காம்ரேட்ஸ் ஓட்டமும் ஒரு கடிகாரக் கணக்கும்

மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் சொச்சம் என்பது பலருக்கும் தெரியும். அதையும் தாண்டி ஓடுவதுதான் அல்ட்ரா மாரத்தான். இதில் தரவரிசை போடுவது கொஞ்சம் வில்லங்கமான வேலை. ஒரு பாதை மலை ஏறும், இன்னொன்று சமவெளியில் போகும். இரண்டிலும் ஓடியவர்களின் நேரத்தை அருகருகே வைத்து யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது? அதனால் பழைய ஓட்டங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கணக்கை வைத்துக்கொண்டன. அவற்றில் சுவாரசியமானது தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் மாரத்தான்.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய விக் கிளாப்பம் என்ற ரயில் ஓட்டுநர், போரில் இறந்த தோழர்களின் நினைவாக இதைத் தொடங்கினார். 1921 மே 24 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை, சுமார் 90 கிலோமீட்டர். கிளம்பியவர்கள் 34 பேர், போய்ச் சேர்ந்தவர்கள் 16 பேர்தான்! முதலில் வந்த பில் ரோவனுக்கு 8 மணி 59 நிமிடம் ஆனது. அன்றைக்கு வைத்த கெடு 12 மணி நேரம். 1928ல் அதை 11 ஆகக் குறைத்தார்கள். 2003லிருந்து மறுபடி 12.

இங்கே முதல் பத்து இடங்களுக்குத்தான் இடத்தை வைத்துத் தங்கம். ஆண்களில் பத்து, பெண்களில் பத்து. மற்ற எல்லோருக்கும் கடிகாரம்தான் நீதிபதி. ஏழரை மணிக்குள் வந்தால் வெள்ளி, 9 மணிக்குள் வந்தால் பில் ரோவன் பதக்கம் (இது 2000ல் வந்தது), 11 மணிக்குள் வெண்கலம், 12க்குள் விக் கிளாப்பம் பதக்கம். ஆயிரக்கணக்கானோர் ஓடும் இடத்தில் 6,412வது இடம், 6,413வது இடம் என்பதற்கெல்லாம் என்ன அர்த்தம் இருக்கிறது? ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் என்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் கடிகாரத்துக்கு இரக்கமும் கிடையாது. கெடு முடியும்போது எல்லைக்கோட்டில் ஓர் அதிகாரி, ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். துப்பாக்கி வெடித்த பிறகு ஒரு விநாடி தாமதமாக வந்தாலும் பதக்கம் இல்லை. முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்றுதான் இந்த ஏற்பாடு. 1989ல் ஐந்து முறை சாம்பியனான வாலி ஹேவர்ட் 80 வயதில் ஓடி 10:58:03ல் வந்து சேர்ந்தார். இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. வேடிக்கை என்னவென்றால், 2007ல் அவர் பெயரில் வந்த பதக்கம் 6 மணி நேரத்துக்குள் ஓடுபவர்களுக்கு!

சரி, கடிகாரம் எல்லோரையும் ஒன்றாகத்தானே பார்த்தது? அதுதான் இல்லை. கடிகாரம் பார்த்தது, பதிவேடு பார்க்கவில்லை. 1923ல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்ணின் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அவர் கேட்காமல் ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். அன்றைய கெடுவுக்குள்தான்! பதக்கம் தரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பணம் சேர்த்து ஒரு வெள்ளித் தேநீர் செட் வாங்கிக் கொடுத்தார்கள். 1935ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவர் ஒன்பதரை மணி நேரத்தில் ஓடி முடித்தார். அவர் ஓட்டமும் அதிகாரபூர்வ முடிவுகளில் ஏறவில்லை. வணிகவியலில் சொல்வதானால், நடந்த பரிவர்த்தனையைப் பேரேட்டில் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

1975ல் ஐம்பதாவது ஓட்டத்தின்போதுதான் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கதவு திறந்தது. அந்த ஆண்டே வின்சென்ட் ரகபேலே 20வது இடத்தில் வந்தார். 1980ல் இசவெல் ரோச்-கெல்லி ஏழரை மணிக்குள் வந்த முதல் பெண் ஆனார். வாலி ஹேவர்ட் தள்ளாடி வந்து சேர்ந்த அதே 1989ல் சாம் ஷபலாலா முதல் கறுப்பின வெற்றியாளர். அதே நாளில் ஃப்ரித் வான் டெர் மெர்வே 5:54:43ல் ஓடி, ஆண்களையும் சேர்த்து எண்ணினாலே 15வதாக வந்தார். அந்த ஒரு ஓட்டத்தைப் பற்றி மட்டும் தனிக் கட்டுரை எழுதலாம்.

2019ல் பதக்க வரிசையில் இரண்டு புதிய பெயர்கள் சேர்ந்தன. ஏழரை மணிக்குள் வரும் பெண்களில் முதல் பத்துக்கு அடுத்தவர்களுக்கு இசவெல் ரோச்-கெல்லி பதக்கம். 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வருபவர்களுக்கு ராபர்ட் ம்ட்ஷாலி பதக்கம். அவர் 1935ல் ஓடிய ஒன்பதரை மணி நேரம் சரியாக அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது.