உட்கரு உண்ணல்

உட்கரு உண்ணல் என்பது ஒரு செல் தன் உட்கருவின் ஒரு பகுதியை, அரிதாக முழு உட்கருவையே, பிரித்தெடுத்துச் செரித்து, அதில் கிடைக்கும் பொருள்களை மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் நிகழ்வு. நியூக்ளியோஃபேஜி என்றும் இதைச் சொல்வர். செல் தன் உறுப்புகளைத் தானே தின்னும் தன்னுண்ணலின் ஒரு வகை இது. மைட்டோகாண்டிரியம் ஒன்று பழுதானால் செல் அதைத் தின்றுவிட்டு மற்றவற்றைக் கொண்டு சமாளித்துக்கொள்ளும். உட்கருவில் அந்தத் தாராளம் செல்லாது. பெரும்பாலான செல்களில் அது ஒன்றே ஒன்றுதான். மரபணுக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதில் பிசகினால் செல்லே போய்விடும்.

பெல்ஜிய உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியான் த டூவ் 1955இல் செல்லின் செரிமானப் பையான லைசோசோமை விவரித்தார். 1963இல் தன்னுண்ணலுக்கு ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தார். அதன் மரபணுக்கள் பிடிபட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் யொஷினோரி ஓசுமி, செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டுப் பார்த்தார். ஈஸ்ட்டின் செரிமானப் பையான வாக்குவோலுக்குள், கரையாமல் மிஞ்சிய குமிழ்கள் குவிந்து, சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்தன. 1992இல் இதையும், 1993இல் தன்னுண்ண இயலாத ஈஸ்ட் வகைகளையும் அவர் குழு வெளியிட்டது. 2016இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உட்கருவையும் செல் தின்னும் என்பதும் ஈஸ்ட்டில்தான் தெளிவாயிற்று. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் கோல்ட்ஃபார்ப் குழு, உட்கருவும் வாக்குவோலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தை ஆராய்ந்து 2000இல் விவரித்தது. உட்கருவின் வெளிச்சவ்வில் என்விஜே1 என்ற புரதம், வாக்குவோல் சவ்வில் விஏசி8 என்ற புரதம்; இரண்டும் பொத்தானும் காஜாவும் போலப் பூட்டிக்கொள்கின்றன. 2003இல் அதே குழு அடுத்த கட்டத்தைக் காட்டியது. ஈஸ்ட் பட்டினி கிடக்கும்போது, பூட்டிய இடத்தில் உட்கரு புடைத்து வாக்குவோலுக்குள் தள்ளுகிறது. புடைப்பின் கழுத்து ஒடுங்கி அறுபடுகிறது. அறுந்த துண்டு உள்ளே விழுந்து செரிக்கப்படுகிறது. அதில் இருப்பது பெரும்பாலும் ரைபோசோம்கள் உருவாகும் நியூக்ளியோலஸின் சரக்கு. டி.என்.ஏ. அதில் சேர்வதில்லை, உட்கருத் துளைகளும் அந்த இடத்தில் இருப்பதில்லை. உணவில்லாத நாளில் புதிய ரைபோசோம்களால் பயனில்லை, ஆகவே முதலில் கைவைக்கப்படுவது அவற்றின் பட்டறையில்தான். இந்தக் கிள்ளலுக்கும் தன்னுண்ணலின் அடிப்படை மரபணுக்கள் தேவை என்று 2008இல் ஜெர்மனியில் கண்டறிந்தனர்.

இரண்டாவது வழி 2015இல் தெரியவந்தது. ஹிதோஷி நாகதோகவாவின் டோக்கியோ குழு, உட்கருவைச் சூழ்ந்த சவ்வில் ஏடிஜி39 என்ற புரதத்தைக் கண்டது. அதன் ஒரு முனை, உருவாகிவரும் தன்னுண்ணல் உறையில் உள்ள ஏடிஜி8 புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மறுமுனை உட்கருவின் இரு சவ்வுகளுக்கும் இடையே இறங்கி உட்சவ்வை எட்டுகிறது என்று பின்னர் தெரிந்தது. இரு சவ்வும் சேர்ந்தே மொட்டுவிட்டுப் பிரிவது இதனால்தான். ஏடிஜி39 இல்லாத ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் கிடைக்காவிட்டால் உட்கருவின் வடிவம் கெட்டு, செல் சீக்கிரமே இறக்கிறது.

சில பூஞ்சைகள் முழு உட்கருவையே தின்றுவிடுகின்றன. சோயா சாஸும் சாக்கேயும் செய்ய உதவும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயின் இழைகளில் உட்கருக்கள் பல உண்டு. அடிப்பகுதியின் பழைய செல்களில் உட்கருக்கள் முழுதாக உறையிடப்பட்டுச் செரிக்கப்படுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் காட்டினர். தமிழக நெல் விவசாயிகளுக்குப் பழகிய குலை நோயின் பூஞ்சை இன்னும் துணிச்சலானது. அதன் வித்தில் மூன்று செல்கள், செல்லுக்கு ஓர் உட்கரு. இலைமேல் விழுந்த வித்து முளைவிட்டு, முளையின் நுனியில் இலையைத் துளைக்கும் உறுப்பை அமைக்கிறது; ஓர் உட்கரு இரண்டாகப் பிரிய, அதில் ஒன்று அந்த உறுப்புக்குப் போகிறது, மற்றது வித்துக்குத் திரும்புகிறது. பிறகு வித்தில் மிஞ்சிய மூன்று உட்கருக்களும் தன்னுண்ணலில் அழிய, வித்து சுருங்கிச் சாகிறது. இங்கிலாந்தில் நிக்கலஸ் டால்பட் குழு 2006இல் ஏடிஜி8 மரபணுவை நீக்கிப் பார்த்தது. உட்கருக்கள் அழியவில்லை, பூஞ்சையால் இலைக்குள் நுழையவும் முடியவில்லை. ஆனால் இதைத் தேர்ந்தெடுத்து உண்பது என்று சொல்ல முடியாது. பொதுவான தன்னுண்ணலே இதற்குப் போதும் என்று 2012இல் தெரிந்தது.

பாலூட்டிகளின் உட்கருவில் ஈஸ்ட்டுக்கு இல்லாத ஒன்று உண்டு: உட்சவ்வை அணைத்து நிற்கும் லாமின் புரத வலை. லாமின் ஏ பழுதான செல்களில் உட்கருத் துண்டுகள் தன்னுண்ணலுக்குப் போவதை 2009இல் ஜப்பானில் கண்டனர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஷெல்லி பெர்கர் குழு 2015இல் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. தன்னுண்ணலின் எல்சி3 புரதம் லாமின் பி1ஐ நேரடியாகப் பிடிக்கிறது. ஆனால் பட்டினியில் லாமின் அழிவதில்லை. ராஸ் போன்ற புற்றுநோய் மரபணு தூண்டப்படும்போதுதான் அது அழிகிறது, செல்லும் பிரிவதை நிறுத்தி முதுமையடைகிறது. செல்லைப் புற்றாக விடாத தடுப்பு இது.

தோலின் மேலடுக்குச் செல்கள் உட்கருவை இழப்பதிலும் உட்கரு உண்ணலுக்குப் பங்குண்டு. சொரியாசிஸில் அந்த அடுக்கில் உட்கரு தங்கிவிடுகிறது. சிவப்பணுவை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது: அது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, அதை விழுங்குவது மேக்ரோஃபேஜ் என்னும் வேறு செல்.

கிரேக்கத்தின் கிரீட் தீவில் நெக்தாரியோஸ் தவர்னராக்கிஸ் குழு 2023இல் உட்கரு உண்ணலை முதுமையோடு இணைத்தது. சி. எலிகன்ஸ் புழுவில் ஏஎன்சி-1, பாலூட்டிகளில் நெஸ்பிரின்-2 ஆகிய உட்கருச் சவ்வுப் புரதங்கள் இதற்குத் தேவை. ஏஎன்சி-1 இல்லாத புழுக்களில், முதுமையின் அடையாளமாக, நியூக்ளியோலஸ் பெருத்தது. ஈஸ்ட்டின் ஏடிஜி39ஐ ஒத்த அமினோ அமில வரிசை கொண்ட புரதம் எதுவும் பாலூட்டிகளில் காணப்படவில்லை.